இளையவர் முதலில்

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ரயிலேறும்போதே பேராசிரியை கம்சிகாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பிடிக்காதா பின்னே! அரசியலமைப்புச் சட்டம் படிப்பிப்பது வேறு, நீதிபதியாய் உட்கார்ந்து அதற்குப் பொருள் சொல்வது வேறு. அன்று அவள் நீதிபதியாய் முதன்முதல் உட்காரப் போனது, தூரத்துத் தீவொன்றின் அரசியலமைப்பு வழக்குகளை லண்டனிலிருந்தே தீர்க்கும் மிகப் பழைய நீதிமன்றில். மூன்று நீதிபதிகளில் இருவர் சட்டப் பேராசிரியர்களாய் இருக்கவேண்டும் என்பது விதி.

முதல் வழக்கே உயிரை வாங்குகிற வழக்கு. அந்தத் தீவிலேயே பிறந்த ஒருத்தியை, தாய்தகப்பன் அகதியாய் வந்தவர்கள் என்று சொல்லி, குடியுரிமையைப் பறித்து நாடு கடத்தப் பார்த்தது அரசாங்கம். வாதங்கள் முடிந்ததும் மூவரும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்கள். எத்தனை பேருடைய தலைவிதியைப் பார்த்த மேசையோ! அதைத் தொடவே கம்சிகாவுக்குக் கை கூசியது.

தலைமை நீதிபதி கத்தரின் வாயே திறக்கவில்லை. அந்த அம்மாளின் தீர்ப்புகளைப் படித்துத்தான் கம்சிகா ஆளானவள். பெரியவர்கள் பேசட்டும் என்று அடக்கமாய் இருந்தாள். யாழ்ப்பாணத்து வளர்ப்பு லேசில் விடுமா?

பக்கத்திலிருந்த மற்றப் பேராசிரியை வேதவல்லி, மலேசியக்காரர், மெல்லக் குனிந்தார். "பேசும்மா. உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க."

"ஐயோ அக்கா, நீங்கள் ரெண்டுபேரும் சொல்லுங்கோ. நான் பிறகு சொல்லுறன்."

"அது இங்க நடக்காது. புதுசா வந்தவங்கதான் முதல்ல சொல்லணும். தலைமை நீதிபதி கடைசியா. அதுவரைக்கும் அவங்க மூச்சு விடமாட்டாங்க."

நல்ல வழக்கம் கண்டுபிடித்தார்கள், நாசமாய்ப் போனவர்கள்! மனசுக்குள் திட்டிக்கொண்டே கம்சிகா தொடங்கினாள். தீவில் பிறந்தவர்கள் எல்லோரும் குடிமக்கள் என்கிறது அரசியலமைப்பு. பெற்றோர் எப்படி வந்தார்கள் என்று அது கேட்கவேயில்லை. அரசாங்கம் பின்னால் கொண்டுவந்த சாதாரணச் சட்டம் அதைக் கேட்க முடியாது. "அவள் அந்த நாட்டுக்காரிதான்" என்று முடித்தாள். வேதவல்லி அதையே ஒப்புக்கொண்டார்.

கத்தரின் கண்ணாடியைக் கழற்றினார். "அரசாங்கத்தின் பக்கம்தான் நியாயம் என்று நினைத்துக்கொண்டு இந்த அறைக்குள் வந்தேன். கம்சிகா சொன்னதைக் கேட்டு மனம் மாறிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கே தீர்ப்பு."

கம்சிகாவுக்கு மெய்சிலிர்த்தது. அடுத்த கணமே மற்றதையும் நினைத்துப் பார்த்தாள். இந்த அம்மாள் முதலில் பேசியிருந்தால் தான் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். "ஓம், நீங்கள் சொல்லுறதுதான் சரி" என்று சொல்லியிருப்பாள். ஒருத்தியின் நாடு அதோடு போயிருக்கும்.