ஆணியில் தொங்கிய ஸ்வெட்டர்

2003ஆம் ஆண்டு ஆகஸ்டில், பம்மலில், ஜஹானாரா வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த ஸ்வெட்டருக்குத் தொப்பை விழுந்தது. மார்பும் வயிறும் முப்பத்தாறு அங்குலம் வைத்துப் பின்னியது அது. இப்போது வயிறு மட்டும் முப்பத்தொன்பது. அவள் இரண்டு முறை டேப் வைத்து அளந்து பார்த்தாள்.

அவள் கணவன் அப்துல் ரசாக்குக்காகப் பின்னியது அது. ரசாக் தோல் பதனிடும் கம்பெனியில் ஆட்டுத்தோல்களைத் தரம் பிரிப்பவன். தோலிலிருந்து எடுத்த ரோமத்தில் கொஞ்சத்தைக் கேட்டு வாங்கி மூட்டையாகக் கொண்டுவருவான். ஜஹானாரா அதைச் சுண்ணாம்பு வாடை போகும்வரை பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, மொட்டைமாடியில் காயவைத்து, பள்ளிக்கூடத்தில் கற்ற தக்ளியில் நூலாக நூற்பாள். சமையல் முடிந்து மகள் இரமைத் தூங்கவைத்த பிறகு அவளுக்கென்று இருந்த ஒரே பொழுது அதுதான். தெருவில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் அவள் பின்னிய குல்லா உண்டு. வேர்க்குரு வருமென்று யாரும் போட்டுவிட்டதில்லை. 2001 நவம்பரில் கம்பெனி மூடியதும் ரசாக் பஞ்சாபில் ஜலந்தரில் வேலை இருக்கிறதென்று ரயிலேறினான். அப்போது ஸ்வெட்டரில் இடது கை பாக்கி. பக்ரீதுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றான். அவன் போனபின் அவள் அதையும் பின்னி முடித்து ஆணியில் மாட்டினாள். எதிரில் இருந்த பச்சையம்மாவின் எஸ்டிடி பூத்துக்கு மூன்று முறை போன் செய்தான். பிறகு செய்யவில்லை.

தொப்பையை முதலில் வாய்விட்டுச் சொன்னவள் பச்சையம்மாதான். "உன் வூட்டுக்காரு நல்லா துன்னுகினு கீறாரு, ஜஹானாரா. யாரோ நல்லா ஆக்கிப் போடறா." உயிரோடிருக்கிறான் என்று ஒன்றரை வருடத்துக்குப் பிறகு தெரிந்த அந்த மத்தியானம் ஜஹானாரா முதலில் சிரித்தாள். பச்சையம்மாவின் இரண்டாவது வாக்கியம் மனதில் இறங்கியபின் அழுதாள்.

அதன்பிறகு ஸ்வெட்டர் செய்தி சொல்வது வழக்கமாகிவிட்டது. குளிர்காலத்தில் கடுகெண்ணெய் வாசம் வந்தது. பீடி நெருப்பு பட்டு மார்பில் மிளகளவு ஓட்டை விழுந்தது. 2004 டிசம்பரில் வலது முழங்கை தேய்ந்து கிழிந்தது. ஒரு வாரம் கழித்து அந்தக் கிழிசல் பழுப்பு நூலால் அடைக்கப்பட்டிருந்தது. ஜஹானாரா அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். நெருக்கமான, பொறுமையான தையல். இழைகள் அவள் போடுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. தைத்தவள் இடதுகைக்காரி. அதற்குமேல் அந்தப் பெண்ணைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

மறுவருடம் மழையில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். கட்டிலின்மேல் உட்கார்ந்திருந்த ஜஹானாரா ஸ்வெட்டரை எடுத்து, அடி ஓரத்து முடிச்சை அவிழ்த்து, நூலை இழுக்கத் தொடங்கினாள். ஒன்பது வரிசை பிரிந்தது. எட்டு வயது இரம் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "வேணாம்மா! அத்தாவுக்குக் குளுரும்மா!"

"குளுரட்டும்."

"அவங்களுக்கு இன்னா ஆவுதுன்னு நமக்கு எப்படிம்மா தெரியும், இதுவும் இல்லன்னா?"

ஜஹானாரா கையை எடுத்துவிட்டாள். ஆனால் திரும்பப் பின்னவில்லை. நான்காம் நாள் அந்த ஒன்பது வரிசையும் பழுப்பு நூலில் பின்னப்பட்டிருந்தன.

2007இல் தொப்பை கரைந்தது. மார்பு முப்பத்துநான்காகி முப்பத்திரண்டானது. கடுகெண்ணெய் போய் மருந்து வாசம் வந்தது. அடுத்த குளிரில் பழைய முழங்கைக் கிழிசல் மறுபடி வாய்பிளந்தது. ஒரு வாரம் பார்த்தாள், இரண்டு வாரம் பார்த்தாள். யாரும் தைக்கவில்லை. நோயாளியைப் பார்க்கிறவளுக்கு நேரம் இருக்காது என்று ஜஹானாராவே முடிவுசெய்து, பரணில் கிடந்த கடைசி மூட்டையைப் பிரித்து நூல் நூற்று அடைத்தாள். மறுநாள் அவள் தையலுக்குப் பக்கத்தில் பழுப்பு நூலில் ஒரே ஒரு இழை ஓடியிருந்தது. அது எதற்கும் உதவாத இழை. ஜஹானாரா அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குளிர் முடியும்வரை இருவரும் மாறிமாறித் தைத்தார்கள்.

2009 ஜனவரி பதினேழாம் தேதி காலை ஸ்வெட்டர் ஆணியில் இல்லை. கீழே நான்காக மடிந்து கிடந்தது. கற்பூர வாசம். ரசாக் இறந்ததைப் பதியப் போன ஜமாத்தில் மவுத்தான தேதி கேட்டார்கள், சொன்னாள். எப்படித் தெரியும் என்று கேட்க வந்த செயலாளர், மடிப்பைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். நான்கு மாதம் பத்து நாள் அவள் கைம்பெண்ணுக்கான இத்தா இருந்தாள். ஜலந்தரில் இன்னொருத்தியும் அதே நாட்களை எண்ணிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு, வெறுப்பில்லாமல், தினமும் ஒருமுறை வந்துபோனது.

நவம்பரில் அதை வைத்திருந்த பெட்டியைத் திறந்தபோது ஸ்வெட்டர் சுருங்கியிருந்தது. மார்பு இருபத்திரண்டு அங்குலம். இரண்டு முழங்கையும் கிழிந்து, முன்பக்கம் மாம்பழக் கறை.

பச்சையம்மா அதை வாங்கி விரித்துப் பார்த்தாள். "இது யாரு அளவுடீ?"

"அஞ்சு வயசு இருக்கும்க்கா," என்றாள் ஜஹானாரா. "ஜலந்தர்ல ஓடியாடுற புள்ள. இவங்க அம்மா தச்சு மாளாது."

தக்ளியை எடுத்துவரச் சொல்லி இரமை அனுப்பினாள். ஸ்வெட்டரின் கைகளை ஓர் அங்குலம் நீட்டிப் பின்னினாள், அடுத்த வருடத்துக்கும் ஆகட்டுமென்று.