அரத்தூள் எழுத்து

இப்போதெல்லாம் மனுசனுக்குக் கை எதற்கு இருக்கிறதென்றே தெரியவில்லை. எழுது என்றால் மிஷினைத் தேடுகிறான், கணக்குப் போடு என்றால் மிஷினைத் தேடுகிறான். சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க ஒரு மிஷின் வந்துவிட்டால் கையைக் கழற்றி உறியில் வைத்துவிடுவான் போல. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து இதையே சொல்லிக்கொண்டு நடந்தார் உடையப்பன். கூட வந்த மகள் ராமுத்தாய் காதில் வாங்கவில்லை.

அவள் கவலை அவளுக்கு. கன்னிவாடியில் புருஷன் செத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கிணற்றில் உனக்குப் பங்கே கிடையாது என்று கொழுந்தன் வீரப்பன் தண்ணீர் இறைக்கிற கமலை மாட்டை அவிழ்த்து விரட்டிவிட்டான். பிஞ்சு விட்டிருந்த கத்தரிச் செடி பத்து நாளாக வாடிக் கிடந்தது. மூன்று மணிக்குத் தாலுகா ஆபீசில் விசாரணை. பாகப்பத்திரத்தைக் காட்டி, அதன் நகலையும் கொடுக்க வேண்டும். நகலைக் கையால் எழுதித் தருகிற பத்திர எழுத்தரோ கல்யாணத்துக்குப் பழனி போயிருந்தார். இனி ஒரே வழி, கோர்ட்டுப் பக்கம் மிக்கேல்ராஜ் வைத்திருந்த நகல் மிஷின். அறுபத்தெட்டாம் வருஷம் இந்த ஊருக்கு அது புதுசு. மெட்ராஸில் எந்தக் கம்பெனியோ கழித்துப் போட்டதை வாங்கி வந்திருந்தான்.

"வாங்க பெருசு! உங்க சரக்கு என்ன வேலை பாக்குதுன்னு இன்னிக்குக் காட்டுறேன்" என்றான் மிக்கேல்ராஜ்.

"என் சரக்கா?"

"மாசாமாசம் உங்ககிட்ட அள்ளிட்டு வாரேன்ல, இரும்புத் தூளு."

உடையப்பனுக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. அரம் போடுகிறவர்களின் காலடியில் பித்தளைத் தூளும் இரும்புத் தூளும் கலந்து விழும். சாயங்காலம் அதைக் கூட்டி அள்ளி, துணி சுற்றிய காந்தத்தை அதன் மேல் ஓட்டுவார். இரும்பெல்லாம் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு போய்விடும். மிஞ்சுகிற பித்தளை உருக்கப் போகும். இரும்பு குப்பைக்கு. அந்தக் குப்பையைத்தான் இவன் வாங்கிப் போய்க்கொண்டிருந்தான்.

"அது மத்தாப்புக்குன்னுல்ல நெனச்சேன்!"

"மத்தாப்புன்னு நான் எப்பச் சொன்னேன்? இங்க பாருங்க. உள்ள ஒரு காந்த உருளை சுத்துது. அதுல உங்க தூளு மயிரு மயிரா நட்டுக்கிட்டு பிரஷ் கணக்கா நிக்கும். அதுல கரிப்பொடி ஒட்டியிருக்கும். காகிதத்துல தடவுனா எழுத்து விழ வேண்டிய எடத்துல கரிய விட்டுட்டு இரும்பு திரும்பிப் போயிரும். மிஷினோட வந்த தூளு தீந்துபோச்சு. உள்ளூர்லயே கெடைக்கையில மெட்ராஸ்காரனுக்கு எதுக்கு எழுதிப் போடணும்?"

"கழுவுனியா?"

"சலிச்சேன்."

"கழுவுனியான்னு கேட்டேன்."

"இரும்பக் கழுவுனா துருப் பிடிச்சிராதா? உங்களுக்குத் தெரியாததா பெருசு!"

உடையப்பன் மிஷினை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். அந்தத் தரையில் என்னென்ன கிடக்கும் என்று அவருக்குத் தெரியும். வெற்றிலை எச்சில், பீடித் துண்டு, எலிப்புழுக்கை, சேற்றுப்புண்ணைச் சொறிந்த செதில். எண்ணெய்ப் பிசுக்கில் எல்லாம் இரும்போடு ஒட்டிக்கொண்டுதான் வரும். அந்தக் கழிசடையிலா மாப்பிள்ளையின் பேரை எழுதுவது?

"அய்யா, செத்த சும்மா இருங்க" என்றாள் ராமுத்தாய். "மணி ரெண்டாச்சு."

மிஷின் உறுமியது. பல்லி வயிறு போல வழுவழுத்த ஒரு காகிதம் வெளியே வந்தது. எழுத்தெல்லாம் அச்சு அசலாக இருந்தது. உடையப்பன் மடியிலிருந்த காந்தத்தை எடுத்தார். பட்டறையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தார்.

"இரும்பு திரும்பிப் போயிரும்னியே, பாப்பம்."

காகிதத்தின் மேல் ஓட்டினார். எழுத்துகள் சிலிர்த்து எழுந்து காந்தத்தில் சுற்றிய துணியில் போய் ஒட்டிக்கொண்டன. 'கிணற்றில் பாதிப் பங்கு' என்ற இடத்தில் 'பாதி' போய்விட்டது.

"அய்யா! என்னய்யா பண்ணுனீக!"

"நான் எங்க ஆத்தா பண்ணுனேன்? நாளைக்கு வீரப்பன் மடியிலயும் ஒரு காந்தம் இருந்தா அம்புட்டுத்தான் ஒங் கெணறு."

மிக்கேல்ராஜ் தலையில் அடித்துக்கொண்டான். "இன்னும் சூடே காட்டலயே பெருசு! கரியில குங்கிலியம் கலந்திருக்கு. சூட்டுல உருகுனாத்தான் பிடிக்கும். வேகாத சோத்த அள்ளிப் பாத்துட்டு அரிசி சரியில்லங்கிறீங்களே!"

வேறு இரண்டு நகல் போட்டான். ஒன்று ஆபீசுக்கு, ஒன்று ராமுத்தாய் வீட்டில் வைத்துக்கொள்ள. இரண்டையும் சூட்டுத் தகட்டின் அடியில் விட்டான். மயிர் பொசுங்கும் நாற்றம் அறை முழுக்கப் பரவியது.

"இப்ப இழுங்க."

உடையப்பன் நாலு தரம் இழுத்தார். ஒரு புள்ளிகூட அசையவில்லை.

"என்ன பெருசு, காந்தத்துக்குச் சளி பிடிச்சிருச்சா?"

ராமுத்தாய் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். எழுத்துக்கு எழுத்து நடுவே பழுப்பாக ஒரு திட்டு. பட்டறையில் பக்கத்தில் உட்காருகிற கண்ணுசாமியின் வெற்றிலைச் சாறாகத்தான் இருக்க வேண்டும். சட்டென்று கீழே வைத்துவிட்டு விரலை வேட்டியில் துடைத்தார்.

தாலுகா ஆபீசில் அதிகாரி மூலத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை ஓட்டி வரி வரியாகப் படித்தார். விரலில் கரி ஒட்டவில்லை. "நல்லா விழுந்திருக்கே" என்று சொல்லி முத்திரை குத்தினார். விசாரணை முடிகிறவரை ஒருநாள் விட்டு ஒருநாள் ராமுத்தாய் தண்ணீர் இறைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவானது. வீரப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விருட்டென்று வெளியேறினான்.

வேப்பமரத்தடிக்கு வந்ததும் ராமுத்தாய்க்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "நாளைக்கே தண்ணி பாய்ச்சிருவேன்யா. பாத்தீகளா, எழுத்து நின்னுருச்சு!"

"இன்னிக்கு நின்னுருக்கு. ஐப்பசி அடைமழையில துருவேறி அரிக்கட்டும், அப்பத் தெரியும்."

"ஆபீசரே ஒத்துக்கிட்டாரு. உங்களுக்கு என்னய்யா?"

"அவரு பட்டறையக் கூட்டுனவரா?"

மற்றொரு நகலை அவர் பக்கம் நீட்டினாள். "இத நீங்க பத்திரமா வச்சுக்கங்க. வீட்டுல கரையான்."

அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "அந்த எச்சிய நான் தொட மாட்டேன். பத்திரக்காரரு பழனியில இருந்து வரட்டும், கையால எழுதி வாங்கித் தாரேன். அதுவரைக்கும் அசல மட்டும் விட்டுராத."

"பஸ்ஸு ஏத்திவிட வரலையா?"

"நீ போ. நான் போயிக் கையக் கழுவணும்."

ஆபீஸ் சுவரோரம் காறித் துப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெயிலில் நடந்தார் உடையப்பன்.