வருகைப் பதிவேட்டில் உஷாராணி

வெள்ளிக்கிழமை காலை. எம்.பி. சரிதா ராசிபுரம் அலுவலகத்தில் மனு வாங்கிக்கொண்டிருந்தார். அந்த வாரம் முழுக்க அவருக்குப் பாராட்டு. தன் பகுதியில் பள்ளிக்குப் போகாத குழந்தைகள் எத்தனை பேர் என்று நாடாளுமன்றத்தில் கேட்டிருந்தார். ஒருவரும் இல்லை என்று பதில் வந்தது. அதை அவையில் அவர் பெருமையோடு சொன்ன வீடியோ எல்லோர் செல்போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது.

வரிசையின் கடைசியில் பாவாயி நின்றாள். வெண்ணந்தூர்ப் பக்கம் கூலி வேலை செய்பவள். கூடவே பதின்மூன்று வயது மகள் உஷாராணி, வலது கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்தபடி.

"என்னம்மா வேணும்?"

"எம்புள்ள தறிப்பட்டறைல நூல் சுத்துற மிசின்ல கையக் குடுத்துருச்சுங்க. ரெண்டு வெரலு போயிருச்சு. ஸ்டேசன்ல எழுதிக் குடுத்தா வாங்கமாட்டீங்கறாங்க."

"ஏன்?"

"அன்னைக்கு இவ பள்ளிக்கூடத்துல இருந்தாளாமுங்க. ரிஜிஸ்டர்ல அப்படித்தான் இருக்குதாம். இவ பள்ளிக்கூடம் போயி எட்டு மாசமாச்சுங்க. அவங்கப்பா செத்ததுக்கப்புறம் நாந்தான் பட்டறைக்கு அனுப்புனேன். என் தப்புதானுங்க."

சரிதா அன்று மதியமே பள்ளிக்குப் போனார். பதிவேட்டில் எட்டு மாதமும் உஷாராணி ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. தலைமையாசிரியர் சென்னியப்பன் பதிவேட்டை மூடிவைத்தார்.

"வரலைன்னு எழுதுனா மேலிருந்து மெமோ வருமுங்க மேடம். அதுலயும் டெல்லில கேள்வி கேட்டிருக்காங்கன்னு சொல்லி ஒரே நாள்ல கணக்குக் கேட்டாங்க. ஒருத்தரும் விட்டுப் போகலைன்னு குடுத்துட்டேன். ஊட்டுக்குப் போயி ஒரு தடவ பாத்திருக்கோணும். பாக்கலீங்க."

டெல்லியில் கேள்வி கேட்டவர் தான்தான் என்பது சரிதாவுக்கு உறைத்தது. உதவியாளர் இளஞ்செழியன் அவர் காதருகே குனிந்தார். "இதப் பெருசு பண்ணுனா நீங்க பேசுனதே பொய்னு ஆயிருமுங்க மேடம்."

"பொய்தானே செழியா?"

சென்னியப்பன் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறு வாரமே அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஸ்டேசனில் புகாரை வாங்கினார்கள். பட்டறை அதற்குள் பூட்டிக் கிடந்தது. இடது கையால் எழுதப் பழகலாம் என்று சரிதா வீட்டுக்கே போய்ச் சொல்லிப் பார்த்தார். உஷாராணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பள்ளிக்கு அவள் வரவே இல்லை.

அடுத்த கூட்டத்தொடரில் சரிதா பேச எழுந்தபோது அவையில் பாதி இருக்கைகள் காலியாக இருந்தன.

"போன முறை இங்கே நான் சொன்னது பொய். எனக்குப் பிடித்த பதில் கிடைத்ததும் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். ஒரு பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்றால், வரவில்லை என்று எழுதுங்கள். அப்போதுதான் யாராவது தேடிப் போவார்கள். வந்ததாக எழுதிவிட்டால், அந்தப் பிள்ளையைத் தேட ஆளே இருக்காது."