சிவேந்திரன் ஊற்றிய பெட்ரோல்

சிவேந்திரன் மற்ற எல்லாவற்றிலும் கஞ்சன். எஞ்சினுக்குப் பெட்ரோல் கொடுப்பதில் மட்டும் கர்ணன்.

பந்தயக் கார்களுக்கு டியூனிங் செய்வது என் கணவன் சிவேந்திரனின் வேலை. லேப்டாப்பைக் காரோடு இணைத்துவிட்டு, எந்த வேகத்துக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று எண்களை மாற்றிக்கொண்டே இருப்பான். தேவைக்கு மேல் கொஞ்சம் போனால் எஞ்சின் அதிகம் சூடாகாது, பிஸ்டன் உருகாது. சரிதான். ஆனால் எரியாத பெட்ரோல் எங்கே போகும்? சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே இருக்கும் எண்ணெயில் போய்க் கலக்கும். எண்ணெய் ரசமாக நீர்த்துவிடும். அந்த ரசத்திலிருந்து பெட்ரோலை விரட்டி, மறுபடியும் எண்ணெயாக்கிக் கொடுப்பது என் வேலை. அவன் கெடுப்பான், நான் சரிசெய்வேன். எங்கள் குடும்ப வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

பட்டறை கிலாங்குக்குப் பக்கத்தில் மேரு என்கிற ஊரில், தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருக்கிறது. முன்பக்கம் அவனுடையது, பின்பக்கம் என்னுடையது. என்னிடம் இருப்பது இறுக்கமாக மூடிய ஒரு சில்வர் பானை, மின்சார ஹீட்டர், பானைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சும் பம்ப். பானையிலிருந்து ஒரு செம்புக் குழாய் கிளம்பி, வாளித் தண்ணீருக்குள் சுருண்டு வந்து, ஒரு கண்ணாடிக் குடுவையில் முடியும். காற்றை எடுத்துவிட்டால் லேசான சூட்டிலேயே பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் ஏறிவிடும், எண்ணெய் பானையிலேயே நிற்கும். குழாயில் குளிர்ந்த பெட்ரோல் குடுவையில் சொட்டும். கடைசியில் எண்ணெயை வடிகட்டி, வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பேன். கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று பரவினால் பெட்ரோல் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். பந்தய எண்ணெய் விற்கிற விலைக்கு, ஒரே ஓட்டத்துக்குப் பிறகு அதைக் கீழே கொட்ட யாருக்கும் மனம் வராது. அதனால் எனக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது.

"ஒரு சொட்டு குறைச்சா உன் சொத்தா போயிடும்?" என்று கத்துவேன்.

"ஆயில் கெட்டா நீ இருக்கே, கௌசி. பிஸ்டன் போனா யாரு இருக்கா?" என்பான்.

பிரிக்பீல்ட்ஸில் அவன் வீட்டில் எல்லாரும் அரசாங்க உத்தியோகம். அந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் நகம் கறுத்த ஒரே ஆள் இவன்தான். போதாததற்கு, என்னைக் கட்டிக்கொண்டு வந்தான். என் வாயைப் பற்றி என் மாமியார் சொன்னதையெல்லாம் இங்கே எழுதினால் தாள் போதாது. அத்தனையும் உண்மைதான்.

டியூனிங்கில் அவனுக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் அள்ளி ஊற்றுவான். பிறகு படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருவான். ஒவ்வொரு படியிலும் காருக்குள்ளிருந்து குரல் கொடுப்பான்: "இப்ப ஓகேயா?" நான் பின்பக்கத்திலிருந்தே புகையை முகர்ந்துவிட்டு, "இன்னும் நாறுது!" என்று கத்துவேன். மறுபடி குறைப்பான். மற்றவர்கள் நிறுத்தும் இடத்துக்கு ஒரு படி முன்னாலேயே நிறுத்திவிடுவான். அதற்குமேல் நான் எவ்வளவு கத்தினாலும் நடக்காது. ஒரு தடவைகூட நான் 'ஓகே' சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவனுக்குத் தலையில் கொம்பு முளைத்திருக்கும்.

போன வருஷம், பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு மத்தியானம், சிவா குருவின் வெள்ளைக் காரில் உட்கார்ந்திருந்தான். குரு கிலாங்கில் இருக்கிறான், துறைமுகத்தில் வேலை, லீவு கிடைத்தால் ஸெப்பாங் பந்தயத் தடத்தில் கார் ஓட்டுவான். சிவாவைக் கூடப்பிறந்த அண்ணன் என்றுதான் எல்லாரிடமும் சொல்வான். அன்றைக்கு எங்களுக்குச் சாப்பாடு வாங்கப் போயிருந்தான்.

"இப்ப ஓகேயா?" என்று சிவாவின் குரல் கேட்டது.

"இன்னும் நாறுது!" என்றேன்.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டான் போல என்று நினைத்தேன். கோபித்தால் கோபிக்கட்டும் என்று வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். பிறகு மனசு கேட்காமல் டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மடியில் லேப்டாப் திறந்திருந்தது. தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நெஞ்சு நின்றுவிட்டது என்று பிறகு டாக்டர் சொன்னார். அவன் பக்கத்தில் நின்று, டீ ஆறுகிறது, எழுந்திரு என்று நான் எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து எல்லாரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோது, குருவுக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டேன்: "உன் கார்ல சிவா வச்ச டியூனிங் அப்படியே இருக்கட்டும். வேற யாரையும் கை வைக்க விடாதே."

"சத்தியமா விடமாட்டேன்க்கா," என்றான்.

அந்தச் சத்தியம்தான் என் பிழைப்பாக இருந்தது. மற்ற வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக சுங்கை வேயில் டியூனிங் செய்யும் அருணன் என்கிற பையனிடம் போனார்கள். குறை சொல்ல முடியாது, காரை ஓட்ட வேண்டுமல்லவா. அருணன் எண்களை மாற்ற மாற்ற, அந்தக் கார்களின் எண்ணெயில் பெட்ரோல் குறைந்தது, டின்கள் என்னிடம் வருவதும் நின்றது. ஒரு கார் நின்றால் ஒரு தடவை பாடை தூக்கியது போல இருக்கும் எனக்கு. குருவின் கார் மட்டும்தான் மிச்சம்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் குரு டின்னைக் கொண்டுவந்து வைப்பான். அவன் போனதும் மூடியைத் திறப்பேன். அந்த வாடை குப்பென்று ஏறும். பந்தயப் பெட்ரோலுக்கு ஒரு வாடை உண்டு, பழுத்து விழுந்த நங்கா பழம், அதாவது பலாப்பழம் மாதிரி, கொஞ்சம் இனிப்பாக. "வந்துட்டியா?" என்பேன். பட்டறையில் யாரும் இல்லை, எனக்கு என்ன வெட்கம்? அந்தக் காரின் எண்ணெய் எப்போதையும்விடத் தண்ணீராக இருந்தது. குடுவை நிறைந்து வழியும். "செத்தும் உனக்குப் புத்தி வரலையா? இவ்வளவா ஊத்துவே?" என்று பானைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஆசை தீரத் திட்டுவேன். சொட்டு விழ விழத் திட்டுவேன். அன்று இரவு மட்டும் எனக்குத் தூக்கம் வரும்.

இந்தத் தீபாவளிக்கு முன்னால் ஒரு டின் வந்தது. குரு அதை வைத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் ஓடிவிட்டான்.

மூடியைத் திறந்தேன். வாடை இருந்தது, ஆனால் அது பெட்ரோல் ஸ்டேஷனில் கார் வரிசையில் நிற்கும்போது வருகிற வாடை. பானையில் ஊற்றிச் சூடேற்றினேன். எஞ்சினுக்குள் போய்வந்த பெட்ரோல் அடம்பிடித்து மெதுவாகத்தான் எண்ணெயை விட்டுக் கிளம்பும். இதுவோ பொங்கிப் பொங்கி மொத்தமும் ஒரே மூச்சில் வந்து விழுந்துவிட்டது. பானையில் நின்ற எண்ணெயைக் கரண்டியால் எடுத்துப் பார்த்தேன். தேன் போலக் கெட்டியாக இறங்கியது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. டியூனிங்கை மாற்றிவிட்டார்கள். எண்ணெய் நல்லபடியாக வந்திருக்கிறது. குரு ஸ்டேஷனில் பெட்ரோல் வாங்கி அதில் ஊற்றி, அதை சிவா ஊற்றியது என்று என்னிடம் கொடுத்திருக்கிறான்.

டின்னைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு கிலாங்குக்குப் போனேன். வழியெல்லாம் அவனை எப்படி அறையலாம் என்றுதான் யோசித்தேன். வீட்டு வாசலில் காரைத் துடைத்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது.

"எந்த ஸ்டேஷன்ல வாங்குன?" என்றேன்.

"எதைக்கா?"

"ஆயில்ல ஊத்துனியே, அந்தப் பெட்ரோல்."

"எப்படிக்கா தெரியும்?" என்றான்.

"வருஷக்கணக்கா மோந்து பாக்குறேன் லா! வீட்டுல ரேஸ் பெட்ரோல் ட்ரம் வச்சிருக்கே, பொய் சொல்றதுக்கு அதையாவது ஊத்தக்கூடாதா?"

"அது ரேஸுக்கு வேணும்க்கா."

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அவன் மனைவி மார்க்கிரட் உள்ளேயிருந்து ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "ஆயில் சுத்தமா வந்ததைப் பாத்து இவரு அழுதுட்டாருக்கா. இதை எப்படி அக்காகிட்டக் கொடுப்பேன்னு உக்காந்துட்டாரு. திட்டாதீங்கக்கா."

"சத்தியம் பண்ணுனானே! சோத்து இலைக்கு முன்னாடி உக்காந்து சத்தியம் பண்ணுனான்!"

குரு தன் காரிலிருந்து கழற்றி வாசல் மூலையில் போட்டிருந்த பழைய பிஸ்டனை எடுத்து என் கையில் வைத்தான். பக்கம் முழுக்க மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் விழுந்திருந்தது. "சிலிண்டர் சுவத்துல ஆயில் நிக்கவே இல்லக்கா. பெட்ரோல் கழுவிக்கிட்டே இருந்திருக்கு. இன்னொரு ரேஸ் ஓடியிருந்தா, ஓடுறப்பவே எஞ்சின் வெடிச்சிருக்கும்னு அருணன் சொன்னான்."

"ஓ! சிவா வச்ச டியூனிங் தப்புன்னு அந்தப் பையன் சொல்றானா?"

"இல்லக்கா." குரு தரையைப் பார்த்தான். "அவன் லேப்டாப்ல பாத்துட்டுச் சொன்னான், இது அண்ணன் முடிச்ச டியூனிங் இல்லையாம். ஆரம்பிச்சதாம். முதல் படியிலயே நிக்குதாம். அண்ணன் இருந்தா அன்னிக்கே குறைச்சிருப்பாருன்னு சொன்னான். அண்ணன் எப்பவும் நிறுத்துற இடத்துலதான் அவனும் நிறுத்தியிருக்கான்க்கா. அதுக்கு மேல ஒண்ணும் குறைக்கல."

பிஸ்டன் என் கையில் கனத்தது. மார்க்கிரட் என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

எனக்கு அல்லவா தெரிந்திருக்க வேண்டும். அவன் ஒரு தடவைதான் கேட்டான். ஒரே ஒரு தடவை. நான் 'இன்னும் நாறுது' என்று கத்தியது அவன் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. விழுந்திருந்தால் குறைத்திருப்பான். எப்போதும் குறைப்பான். அந்த மத்தியானத்தை நினைக்கப் பயந்துகொண்டு, அவன் குறைக்க நேரமில்லாமல் போன பெட்ரோலுக்கு, இத்தனை மாதமாக அவனை உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் நின்றுபோன வேலையை அவன் குணம் என்று காப்பாற்றி வைத்திருந்தேன். அதில் குருவைக் கொன்றிருப்பேன்.

குரு என் காலடியில் உட்கார்ந்து அழுதான். அவன் தலையில் கை வைத்தேன். அறையத்தான் வந்தேன், கை அப்படித்தான் போனது.

"அடுத்த ரேஸ் முடிஞ்சதும் ஆயிலைக் கொண்டு வா," என்றேன். "எதையும் ஊத்தாதே. வந்தபடியே கொண்டு வா."

தீபாவளி கழிந்து கொண்டுவந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அடுத்த பட்டறையில் யாரோ தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை குரு ஓடவில்லை, கதவருகிலேயே நின்றான். மூடியைத் திறந்தேன். சூடுபட்ட எண்ணெயின் வாடைதான் இருந்தது. நங்கா பழ வாடையை நானாகத் தேடவேண்டியிருந்தது.

தேவையில்லை என்று தெரிந்தும் பானையில் ஊற்றினேன். ஹீட்டரைப் போட்டு, பம்பை ஓட விட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு எப்போதும்போல உட்கார்ந்தேன். குடுவையின் அடி நனையக்கூட இல்லை. டின்னில் மிச்சமிருந்ததில் ஒரு சொட்டைத் தாளில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கறுப்பு வட்டம், அதற்கு வெளியே கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு மெல்லிய ஒரு வளையம். மற்றவர்கள் நிறுத்தும் இடத்துக்கு ஒரு படி முன்னால்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். திட்ட ஒன்றும் இல்லை.

பட்டறையின் முன்பக்கத்தைப் பார்த்து, அவனுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

"இப்ப ஓகே, சிவா."