பக்கத்துப் பல்லின் நிறம்

1

இந்தக் கதை என் முன்பல் உடைந்ததால் வந்தது. வேறு பெரிய உந்துதல் எதுவும் இல்லை. "முன்பல் ஆச்சே, கலர் கச்சிதமா சேரணும். பல் செய்யற லேபுக்கே ஒரு நடை போயிட்டு வந்துடுங்க" என்று பல் டாக்டர் அனுப்பிவைத்தார். லேபில் ஒருத்தி என்னை ஜன்னலோரம் நிறுத்தி, வரிசையாகக் கோத்த மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக என் வாயருகே பிடித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "எங்க அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு என்னை வரவேணாம்னுட்டாங்க" என்றாள்.

வணக்கம் இல்லை, முன்னுரை இல்லை. வாயைப் பிளந்தபடி நின்ற என்னால் "ஐயோ" என்றுகூடச் சொல்ல முடியவில்லை. யாரும் குறுக்கே பேசாததால்தானோ என்னவோ, முழுவதையும் சொல்லிவிட்டாள். கடைசியில், "நீங்க எழுதுறவங்கன்னு டாக்டர் சொன்னார். எழுதிக்குங்க. பேர் மட்டும் போடாதீங்க" என்றாள். போடவில்லை.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மனிதர்களைப் பிடிக்காது."

பொய். அடித்துவிட்டேன். அவளுக்கு மனிதர்களை ரொம்பப் பிடிக்கும். அவர்கள் கூட்டமாக, ஒரே நேரத்தில், டியூப்லைட்டுக்குக் கீழே பேசினால்தான் ஆகாது.

அடுத்து: "பற்களின் மொழி அறிந்த அந்த அபூர்வப் பிறவி..."

[முடிக்கவில்லை. முடித்திருந்தால் என் கையை நானே ஒடித்துக்கொண்டிருக்க வேண்டும்.]

மூன்றாவது: "அவள் யார் கண்ணையும் பார்க்க மாட்டாள், வாயைப் பார்ப்பாள்." இது இருக்கட்டும். எதிராளியின் கண்ணைப் பார்த்தால், அவர் பேசுவது அவள் காதில் ஏறாது. வாயைப் பார்த்தால் ஏறும். "மூஞ்சியைப் பாத்துப் பேசு" என்று எத்தனையோ பேர் அவள் தாடையைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். தூக்கியவர்கள் வாயையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அப்படிப் பார்த்துப் பார்த்தே பல் செய்யும் வேலைக்கு வந்து சேர்ந்தாள். யார் வீட்டுக்குப் போனாலும், கிளம்பும்போது சொல்ல வேண்டியதை உள்ளே நுழையும்போதே தயார் செய்துகொள்வாள்.

3

மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்க வந்த நாள். அக்கா முன்கூட்டியே பாடம் எடுத்திருந்தாள்.

"வாங்கன்னு சொல்லு. சிரி. உட்காரு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"எவ்வளவு நேரம் சிரிக்கணும்?"

"உன் வாயில மண்ணு! விளையாடற நேரமாடி இது?"

அவள் விளையாடவில்லை. கண்ணாடி முன் நின்று, தோராயமாக ஒரு அளவை அவளே முடிவு செய்துகொண்டாள்.

வந்தவர்கள் வந்தார்கள். அவள் வாங்க என்றாள், சிரித்தாள், உட்கார்ந்தாள். ஃபேன் சத்தம், டம்ளர் சத்தம், ஆளுக்கொரு பேச்சு. எல்லாம் சேர்ந்து தலைக்குள் இரைந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அக்கா மகளுக்காக இருந்தாள். அப்போது சம்பந்தியம்மா அவள் பக்கம் திரும்பி, என்ன வேலை பார்க்கிறாய் என்று அன்பாகத்தான் விசாரித்தார்.

"பல் லேப்ல இருக்கேன். பல்லு மேல மாட்டற கேப் எல்லாம் செய்யறேன்."

"அட! அப்ப என் பல்லு எப்படி இருக்கு, சொல்லுங்க பாப்போம்" என்று சிரித்தார் சம்பந்தியம்மா.

அவள் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

"முன்னாடி ரெண்டு கேப்பும் பக்கத்துப் பல்லோட சேரல. வெள்ளை கொஞ்சம் தூக்கலா இருக்கு. எங்க லேபுக்கு வாங்க, நானே சேத்துத் தர்றேன்."

அவளிடம் இருப்பதிலேயே உயர்ந்ததை எடுத்து அந்த அம்மாளின் கையில் கொடுத்தாள் என்றுதான் நான் சொல்வேன். சம்பந்தியம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடினார். கிளம்பும்வரை எடுக்கவில்லை.*

* கேட்டார். சொன்னாள். குற்றம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. "அதெல்லாம் சும்மா கேக்கறது" என்கிறீர்களா? சும்மா கேட்பதை எதற்கு ஐயா கேட்கிறீர்கள்?

4

கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் அக்கா மறுநாளே வந்துவிட்டாள்.

"நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சுடி எனக்கு. கல்யாணத்தன்னிக்கு உனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு."

"உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"சொல்லுன்னா சொல்லேன்! ஊர் உலகத்துல யாரும் சொல்லாத பொய்யா?"

அவளுக்கு அது வராது. அக்காவிடம் அவள் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருந்தது. சில மாதங்களாகவே சொல்ல நினைத்து அடக்கி வைத்திருந்தது. லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ரேடியோவில் ஒரு பெண் தன்னைப் பற்றிப் பேசினாள். சட்டைக் கழுத்துக்குள் குத்தும் துணி லேபிளை வெட்டி எறிவாளாம். மற்றவர்கள் சிரித்த பிறகே தான் சிரிப்பாளாம். ஒருவர் "அப்புறம் பார்க்கலாம்" என்றால் எப்போது என்று கேட்டுவிடுவாளாம். இவள் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டாள். ஆஸ்பெர்ஜர் என்று ரேடியோப் பெண் ஒரு பெயர் சொன்னாள். மனநல மருத்துவரிடம் போய் விசாரித்ததில் அவரும் ஆமாம் என்றார். இப்போதெல்லாம் ஆட்டிசம் என்றே சொல்கிறோம் என்றார்.

"அழுதீங்களா?" என்று, வாயை மூட முடிந்த பிறகு அவளிடம் கேட்டேன்.

"இல்லியே. பஸ்ல உட்கார்ந்து சிரிச்சேன். நான் திமிர் பிடிச்சவ இல்லைன்னு அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது."

இதை அக்காவிடம் சொன்னாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இதை அங்க போய்ச் சொல்லித் தொலைக்காதே. சித்திக்கே இப்படின்னா பொண்ணு எப்படியோன்னு கேப்பாங்க."

பெயர் தெரியாதவரை திமிர் பிடித்தவள். தெரிந்த பிறகு குடும்ப ரகசியம்.

5

இதுவரை எழுதியதைப் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பினேன். நல்ல மனிதர். போனில் பேசினோம்.

"அந்தப் பொம்பளை மனசுல ஈரமே இல்லையே. வாசகர் எப்படி ஒட்டுவாங்க?"

ஈரமில்லையாம்! தலை வெடிக்க வெடிக்க உட்கார்ந்திருந்தவளுக்கு!

"அப்புறம் இந்த வரி. 'யார் வீட்டுக்குப் போனாலும், கிளம்பும்போது சொல்ல வேண்டியதை உள்ளே நுழையும்போதே தயார் செய்துகொள்வாள்.' இது ரொம்ப ஓவருங்க. உலகத்துல யாராவது இப்படிப் பண்ணுவாங்களா?"

அந்த வரி அவள் சொன்னதல்ல. என்னுடையது. எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நம்பி, யோசிக்காமல் அவளுக்குக் கொடுத்திருந்தேன்.

[எழுதுவதை நிறுத்திவிட்டு, போன் பக்கத்தில் கிடந்த துண்டுத்தாளை எடுத்துப் பார்த்தேன்.]

அவரிடம் பேச வேண்டியதைத் துண்டுத்தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டுதான் அந்த போனையே பேசிக்கொண்டிருந்தேன். முதல் வரி: "வணக்கம், நல்லா இருக்கீங்களா?" ஒவ்வொரு போனுக்கும் இதே சடங்கு. யாரும் என்னிடம் சொன்னதில்லை, இது மற்றவர்கள் செய்யாத வேலை என்று. 'பழகத் தெரியாதவர்', 'தலைக்கனம்' என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அதையும் முதுகுக்குப் பின்னால்.

அவளுக்கு மருத்துவர் சொன்ன அந்தப் பெயர் எனக்கும் பொருந்துமா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வரியை எடுக்க மாட்டேன் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். அது தாளில் இல்லாத வாக்கியம்.

6

முடிவுக்கு வருகிறேன்.

ஆசிரியர் சொன்ன முடிவு: சம்பந்தியம்மா ரகசியமாக லேபுக்கு வந்து பல்லை மாற்றிக்கொள்கிறார், அச்சாகச் சேர்கிறது, கண்கலங்கி அவளைக் கல்யாணத்துக்கு அழைக்கிறார். எல்லோருக்கும் பிடிக்கும். எழுத மாட்டேன். கைத்திறமையைக் காட்டினால்தான் கல்யாணத்தில் இடமா? அங்கே வருகிற மற்றவர்கள் எல்லாம் என்ன திறமையைக் காட்டிவிட்டு உள்ளே போகிறார்கள்?

இன்னொன்று: அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழு...

[வேண்டாம். சொல்லாமல் தொட்டால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். அக்காவுக்கு இது நாற்பது வருடமாகத் தெரியும்.]

உள்ளபடி நடந்தது இவ்வளவுதான். அக்கா மகள் போன் செய்திருக்கிறாள். "நீ வா சித்தி. என் கல்யாணம், நான் கூப்பிடறேன்." அக்கா இன்னமும் வேண்டாம் என்கிறாள். என் பல்லைப் பொருத்திய அன்று அவளிடம் கேட்டேன்: போவீர்களா?

"நான் யார்கிட்டயும் பேச வேணாங்க. அவளைக் குழந்தையா தூக்கி வளர்த்தவ நான். ஒரு ஓரமா உட்கார்ந்து பாக்கணும், அவ்வளவுதான்" என்றாள். "எல்லாரும் திரும்பிப் பாப்பாங்களே, அதுக்குத்தான் யோசிக்கறேன்."

கல்யாணம் வருகிற வாரம். முடிவு என் கையில் இல்லை. அக்கா கையிலும் இல்லை என்றே நினைக்கிறேன். வாசகரே, நீங்கள் அந்தக் கல்யாணத்துக்குப் போகிறீர்கள். இது இல்லாவிட்டால் இதுபோல் இன்னொன்றுக்கு. ஒருத்தி வாசலில் வந்து நிற்பாள். சிரிப்பு கொஞ்சம் நீளமாக இருக்கும். உங்கள் கண்ணைப் பார்க்க மாட்டாள். உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் உங்கள் பை உட்கார்ந்திருக்கிறது.

எடுங்கள்.