ஃபார்ம் அக்காவின் ஃபார்ம்

பல்கலைக்கழகத்தின் இரண்டாவது வாசலுக்கு நேர் எதிரே, சாலையைத் தாண்டினால் ஒரு ஜெராக்ஸ் கடை. பலகையில் ஏதோ பெயர் எழுதியிருக்கிறது, அதை யாரும் இதுவரை படித்ததாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் அது ஃபார்ம் அக்கா கடை. அந்த வட்டாரத்தில் யார் வீட்டுப் பிள்ளை பல்கலைக்கழகத்தில் சேருவதாக இருந்தாலும், பன்னிரண்டு வருஷமாக விண்ணப்பம் அவள் கையால்தான் நிரம்பும். ஆன்லைனில் விடப்போகிறோம் என்று வருஷா வருஷம் அறிவிப்பார்கள். வருஷா வருஷம் அதே எட்டுப் பக்கத் தாள்தான் வரும். நம் அரசாங்கப் பல்கலைக்கழகம், அதற்கு என்ன அவசரம்!

அக்காவுக்கு இன்னொரு கீர்த்தியும் உண்டு. மார்க் ஷீட்டை ஒரு பார்வை பார்ப்பாள். "உனக்கு வேதியியல் கிடைக்காது. விலங்கியலை முதல்ல போடு, ரெண்டாவது லிஸ்ட்ல வந்துடும்" என்பாள். வந்துவிடும். "எப்படிக்கா சொல்றீங்க?" என்று கேட்டால், "என்னமோ தோணுது, சொல்றேன்" என்று அடுத்த தாளை இழுத்துக்கொள்வாள். அவள் பேச்சைக் கேட்காமல் முறுக்கிக்கொண்டு போனவர்கள் அடுத்த வருஷம் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றிருக்கிறார்கள்.

அவள் வேலைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. எல்லாக் கட்டத்தையும் நீல மையில் அவளே நிரப்புவாள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் கட்டம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, தாளைத் திருப்பி எதிரே தள்ளுவாள். "இங்க போடு." அந்தக் கட்டத்தில் அவள் பேனா படவே படாது. மற்றவன் கையெழுத்துக்கான இடத்தைத் தொடுவதே பாவம் என்பது அவள் கட்சி.

இந்த வருஷம் ஒரு புது அறிவிப்பு வந்தது. முப்பது வயது தாண்டியவர்களுக்குத் துறைக்கு இரண்டு இடம். அதை நூறு பிரதி எடுக்கச் சொல்லி யாரோ கொடுத்தார்கள். எடுத்துக்கொண்டே படித்தாள். படித்ததிலிருந்து நெஞ்சுக்குள் குறுகுறுவென்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கில் அவள்தான் முதல். அப்புறம் கல்யாணம், குழந்தை, கடை என்று ஒவ்வொன்றாக வந்தன. அவளை யாரும் படிக்காதே என்று தடுத்ததில்லை. படிக்கிறாயா என்று கேட்டதும் இல்லை. அந்த இரண்டாவதுதான் அவளுக்கு வருத்தம்.

ஒரு மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் தனக்கும் ஒரு விண்ணப்பம் நிரப்பினாள். துறை: புள்ளியியல். அன்றைக்கு நிரப்பிய மற்ற ஃபார்ம்களோடு கட்டி, வாசலுக்குள் இருந்த பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். புருஷனிடம் சொல்லவில்லை. ஒன்பதாவது படிக்கிற மகளிடம்கூட மூச்சு விடவில்லை. ஊருக்கெல்லாம் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று சொல்கிறவளுக்கே இடம் கிடைக்காமல் போனால்? மானம் கப்பலேறிவிடாதா? கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

பிறகு திருத்த நாள் வந்தது. கோளாறு உள்ள விண்ணப்பங்களின் எண்களைக் காலையில் பல்கலைக்கழகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். அன்று மாலை நான்கு மணிக்குள் சரி செய்யாவிட்டால் விண்ணப்பம் குப்பைக்குப் போகும், மறுபேச்சே கிடையாது. ஆனால் அந்த வருஷம் எந்த மகானோ தாமதப்படுத்தி, பலகைக்குப் பட்டியல் வந்து சேரவே மணி மூன்றாகிவிட்டது. கண்ணாடி போட்ட ஒரு பெண் ஓடிப்போய் அதன் பிரதியைக் கொண்டுவந்தாள். கடை முன்னால் நாற்பது பேர் நின்றார்கள். அக்கா ஸ்டூல் மேல் ஏறி வாசிக்க ஆரம்பித்தாள்.

வாசிப்பது என்றால் சும்மாவா? ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் அர்ச்சனை உண்டு. அதைக் கேட்கத்தான் பாதிக் கூட்டமே வரும்.

"நாலாயிரத்து நூத்தி எட்டு. மார்க் ஷீட் நகல் இல்லை. யாருப்பா அது? நீயா? நேத்து தூக்கத்துல குடுத்தியா? ஓடு, இப்பவே ஓடு!"

"நாலாயிரத்து இருநூத்தி முப்பது. போட்டோ தலைகீழா ஒட்டியிருக்காம். தலையில நின்னு படிக்கப் போறியா ராசா?"

கூட்டம் சிரித்தது. அவள் புருஷன் அப்போதுதான் டிபன் பாக்ஸை எடுத்துப்போக வந்து ஓரமாக நின்றான். பஸ் டெப்போவில் மெக்கானிக். கையில் கிரீஸ் கறை. மனைவி பேசுவதைக் கேட்க அவனுக்கு எப்போதும் பெருமைதான்.

"நாலாயிரத்து முன்னூத்தி ஒண்ணு." அக்கா நிறுத்தினாள். "கையெழுத்து இல்லை! அடக் கடவுளே, கையெழுத்தே இல்லையாம்! எட்டுப் பக்கம் நிரப்பத் தெரிஞ்ச அறிவுக்கொழுந்துக்கு ஒரு கையெழுத்துப் போடத் தெரியலை பாருங்க. இதெல்லாம் உள்ளே போய் என்னத்தைக் கிழிக்கப் போகுது? இது நம்ம கடை ஃபார்மா இருக்க சான்ஸே இல்லை. நம்ம கடையில பென்சில் குறி போடாம ஒரு தாள் வெளியே போகாது."

"எதுக்கும் நோட்டைப் பாருங்கக்கா" என்றாள் கண்ணாடிக்காரப் பெண்.

எந்த எண் யாருடையது என்று எழுதிவைக்கும் நோட்டு அது. அலட்சியமாகப் புரட்டினாள். நாலாயிரத்து முன்னூற்று ஒன்றுக்கு எதிரே பெயர் இல்லை. ஒரு புள்ளி மட்டும் வைத்திருந்தது. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று அவளே வைத்த புள்ளி.

அக்காவுக்கு என்ன நடந்தது என்று அந்த நொடியே விளங்கிவிட்டது. பழக்க தோஷம்! கடைசிக் கட்டத்தில் பென்சில் குறி போட்டிருக்கிறாள், தாளைத் திருப்பி எதிரே தள்ளியிருக்கிறாள். எதிரே யாரும் இல்லை. அப்படியே எடுத்துக் கட்டோடு கட்டியிருக்கிறாள்.

"யாரோடதுக்கா?" என்று நாலு பேர் கேட்டார்கள்.

பேசாமல் அடுத்த எண்ணுக்குப் போய்விடலாம். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் கடையை விட்டு நகர முடியாது, நகராவிட்டால் நான்கு மணிக்கு எல்லாம் முடிந்தது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசு சமாதானம் சொன்னது. அந்த "அடுத்த வருஷ"த்தை அவள் பதினெட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அதன்மேல் திடீரென்று பயங்கரக் கோபம் வந்தது.

"என்னோடது" என்றாள்.

"யாரோடது?"

"என்னோடதுப்பா! அந்த அறிவுக்கொழுந்து நான்தான்!"

எல்லோரும் சிரித்தார்கள் பாருங்கள், சாலையில் போன சைக்கிள்காரர் கால் ஊன்றி நின்று பார்த்தார். ஸ்டூல் மேல் நின்றபடி அக்காவுக்கு முகமெல்லாம் சிவந்தது. புருஷனைத் தேடினாள். அவன் ஒருவன்தான் சிரிக்கவில்லை.

"நீ யூனிவர்சிட்டிக்குப் போட்டிருக்கியா?"

"ம்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"கிடைக்கலைன்னா சிரிப்பீங்கன்னு..."

"அதான் இப்ப ஊரே சிரிக்குதே. நான் வேற சிரிக்கணுமா?" என்றான் அவன். "மணி மூணு பத்து. இன்னும் ஸ்டூல் மேல என்ன பண்றே?"

"கடையில இவ்வளவு கூட்டம்..."

"பஸ் இன்ஜினையே பிரிச்சு மாட்டுறேன், இந்த ஜெராக்ஸ் பொட்டி எனக்குப் பெரிசா? இறங்கு முதல்ல!"

கண்ணாடிக்காரப் பெண் பட்டியலை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். "அக்கா, கையெழுத்துப் போட்டுட்டு வாங்க!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

திருத்தங்களுக்கு மூன்றாம் கவுண்டர். முன்னால் பதினாறு பேர் நின்றார்கள். ஒவ்வொருவராக நகர்ந்து அவள் முறை வந்தபோது கடிகாரம் மூன்றே முக்கால் காட்டியது. கம்பிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தாவுக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வருஷப் பகை. பிள்ளைகளுக்காக அவள் வந்து நிற்பாள், அவர் விரட்டுவார்.

தலையைத் தூக்காமலே ஆரம்பித்தார். "ஏம்மா, எத்தனை தடவை சொல்றது? விண்ணப்பதாரர்தான் நேர்ல வரணும். போய் அந்தப் பையனை வரச் சொல்லுங்க."

"நான்தான் சார் விண்ணப்பதாரர்."

அவர் தலையைத் தூக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். கட்டைப் பிரித்து நாலாயிரத்து முன்னூற்று ஒன்றை உருவி, முதல் பக்கத்துப் போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பென்சில் குறியைப் பார்த்ததும் அவர் மீசை லேசாக ஆடியது.

அவள் பேனாவை எடுத்தாள். அவர் தாளின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அவசரப்படாதீங்க. ஆறாம் பக்கம், எட்டாவது கேள்வி. ஏன் படிக்க விரும்புறீங்க? என்ன எழுதியிருக்கீங்க, படிங்க."

படித்தாள். 'உயர்கல்வி பெற்றுச் சமுதாயத்திற்குத் தொண்டாற்ற விரும்புகிறேன்.'

"இந்த வருஷம் இதே வரியை முன்னூறு ஃபார்ம்ல படிச்சாச்சு" என்றார். "எல்லாம் உங்க எழுத்து. சின்னப் பிள்ளைங்களுக்குப் பரவாயில்லை, மார்க்கைப் பார்த்து சீட் குடுத்துடுவாங்க. பெரியவங்க சீட்டுக்குத் தேர்வுக் குழு இந்த ஒரு பதிலைத்தான் பார்க்கும். இதை அப்படியே அனுப்பினா ஓரமா வெச்சுடுவாங்க."

"இப்ப மாத்தலாமா சார்?"

"திருத்த நாள்ல விண்ணப்பதாரர் எதைத் திருத்தினாலும் வாங்கிக்கணும்னு விதி. கையெழுத்தை மட்டும்தான் திருத்தலாம்னு எங்கேயும் போடலை." அவர் விதியை மீறுகிற ஆள் இல்லை. விதிக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வரியை அடித்தாள். கீழே வெற்றிடம். ஆயிரம் பேருக்கு மளமளவென்று எழுதிய கை அசையவில்லை. படிக்கிறாயா என்று ஒருவரும் தன்னிடம் கேட்டதில்லையே என்று மனக்குறைப்பட்டவளுக்கு, இதோ அச்சடித்துக் கேட்டிருக்கிறார்கள், பதில்தான் வரவில்லை! பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். குமாஸ்தா அவர்களை ஒரு முறை முறைத்தார். "நாலு மணிக்குள்ள வரிசையில நின்ன எல்லாரையும் பார்த்துட்டுத்தான் எழுந்திருப்பேன். சத்தம் வேண்டாம்."

கண்ணை மூடித் திறந்தாள். பிறகு, பேசுவதுபோலவே எழுதினாள். 'யாருக்கு எந்தத் துறையில் இடம் கிடைக்கும் என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறேன். பெரும்பாலும் சரியாக வருகிறது. ஏன் சரியாக வருகிறது என்று எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் தப்பாகச் சொல்லிவிட்ட சில பிள்ளைகளின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அது ஏன் தப்பானது என்றும் தெரிந்துகொள்ள வேண்டும்.'

கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே ஓடிவிட்டது.

குமாஸ்தா எட்டாவது கேள்வியை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு முத்திரை குத்தினார். ரசீதைக் கம்பிக்கு இடையில் நீட்டும்போது குரலைத் தணித்தார். "என் பொண்ணுக்குத் தாவரவியல் வரும்னு நாலு வருஷம் முன்னாடி நீங்கதான் சொன்னீங்க. வந்துச்சு. உங்களுக்கு வருமா? என்ன தோணுது?"

அக்கா யோசித்துப் பார்த்தாள். "ஒண்ணுமே தோணலை சார். பயமா மட்டும் இருக்கு."

"அப்படித்தான் இருக்கும். அடுத்து!" என்றார் அவர்.

அவள் திரும்பி வந்தபோது கடை இயந்திரத்தின் மூடி கழற்றிக் கிடந்தது. புருஷன் கையை முழங்கை வரை உள்ளே விட்டிருந்தான். "ஆறு மாசமா கீச்சுன்னு கத்திட்டிருந்துச்சே, சரி பண்ணிட்டேன்" என்றான். பிள்ளைகள் தங்கள் ஹாஸ்டல், ஸ்காலர்ஷிப் ஃபார்ம்களைத் தாங்களே நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பாதி தப்பு. அவள் திட்டிக்கொண்டே உட்கார்ந்தாள்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. அவளுக்குப் போய்ப் பார்க்கக் காலே எழவில்லை. புருஷன் போனான். சாலையைத் தாண்டி அவன் திரும்பி வருவதைப் பார்த்தாள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வந்தான்.

"புள்ளியியல்ல ரெண்டு இடம்" என்றான். "ஒண்ணு யாரோ தபால்காரருக்காம்."

"இன்னொண்ணு?"

"திங்கக்கிழமையிலிருந்து காலையில ஒம்பது மணிக்கு கிளாஸ். மத்தியானம் வரைக்கும் இங்க யார் உட்கார்றது, அதைச் சொல்லு முதல்ல."

அவள் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அப்புறம் கல்லாப் பெட்டி மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாதபடி குலுங்கினாள். அழுகைதான். பிரதி எடுக்க வந்தவர்கள் காத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஷட்டரை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பையன் சட்டை வியர்க்க ஓடி வந்தான். "அக்கா, அக்கா, ஸ்காலர்ஷிப் ஃபார்ம்! ஒரே ஒரு நிமிஷம்!"

"ஒரு மணிக்கு வா ராசா" என்றாள் அவள், சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டே. "எனக்குக் கிளாஸுக்கு நேரமாச்சு."

சொன்னதைத் தன் காதாலேயே கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சாலையைக் கடந்து ஓடினாள்.