பூஜ்யம் போட்ட கட்டம்

புற்றுநோய், மருந்துக்கு மசியாமல் எப்படித் திரும்பி வருகிறது என்று சமன்பாடு எழுதுவதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. பதினோரு வருடமாக எழுதுகிறேன். ஒரு நோயாளியையும் தொட்டதில்லை. எனக்கு வருவதெல்லாம் எண்கள். அக்காவுக்கு நோய் வந்தபோது அவளையும் எண்ணாக்கிவிட்டேன். புத்தி வேறு எங்கே போகும்?

அக்கா பஸ் ஓட்டுகிறவள். கொட்டுகிற மழையில் அறுபது பேரை அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். ஊசியைப் பார்த்தால் மட்டும் எழுந்து ஓடப் பார்ப்பாள். சிகிச்சை முடிந்து எடுத்த ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வரச் சொன்னார் டாக்டர். அந்த ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்குள் படுப்பது அவளுக்கு வேப்பங்காய்.

“டேய் கணக்குப்புலி, ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் பாக்குறியே, எனக்கும் பாத்துச் சொல்லேன். திரும்ப வருமா?”

அவள் வீட்டுச் சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்தேன். ஆறு ஸ்கேன், கட்டியின் ஆறு அளவு. கடைசி ரிப்போர்ட்டில் ‘தெரியவில்லை’ என்று இருந்தது. நான் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். கட்டி வளர்வதைக் காட்டும் கோடு பத்து வருடத்துக்குத் தரையோடு தரையாக ஓடியது.

“பாத்தியா, படுத்துடுச்சு.”

“அப்ப ஸ்கேன்?”

“அது அவங்க சும்மா சம்பிரதாயத்துக்கு எடுக்கறது.”

அதைச் சொன்ன வாயை ஊசி நூல் போட்டுத் தைக்கலாம். அக்கா என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

இரண்டு ஸ்கேனுக்கு அவள் போகவில்லை. எட்டாம் மாதம் பிரேக்கை மிதிக்கும்போது இடுப்பு வலித்தது. நோய் திரும்பியிருந்தது, பழைய மருந்து இனி வேலைக்கு ஆகாது என்றார்கள்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் அந்தக் கணக்கைத் திறந்தேன். ஸ்கேன் இயந்திரத்தின் கண்ணுக்கு மிளகைவிடச் சின்னது எதுவும் படாது. ஒரு மிளகுக்குள் கோடிக்கணக்கில் செல்கள் இருக்கலாம், அதில் கொஞ்சம் மருந்துக்கு மசியாததாகவும் இருக்கலாம். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. தெரியாததை இல்லாதது என்று எழுதாதே என்று முதல் வகுப்பிலேயே மாணவர்களைத் திட்டுகிறவன் நான். பூஜ்யத்தை அழித்து ஒரு லட்சம் செல் என்று போட்டேன். சரியாக எட்டாம் மாதம் கோடு எழுந்து நின்றது.

அக்கா தன்னையே நொந்துகொண்டாள். “என் கொழுப்புடா. வரச் சொல்லியும் போகல. யாரைச் சொல்லி என்ன?” அம்மாவும் அவளைத்தான் திட்டித் தீர்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நாள் வாயே திறக்கவில்லை. இவ்வளவு கோழை என்று எனக்கே தெரியாது.

பத்தாம் நாள் டாக்டர் இரண்டு வழி சொன்னார். புது மருந்தை முழு அளவில் விடாமல் கொடுக்கலாம். அல்லது கட்டி சுருங்கியதும் நிறுத்தி, வளர்ந்தால் மறுபடி கொடுத்து, மருந்துக்கு மசிகிற செல்களைக் கொஞ்சம் மிச்சம் வைத்து, அவை இடத்தைப் பிடித்துக்கொள்வதால் மசியாதவை பெருகாமல் அடக்கிப் பார்க்கலாம்.

“எதுன்னு என் தம்பி கணக்குப் போட்டுச் சொல்லுவான் டாக்டர்,” என்றாள் அக்கா.

அவளை வெளியே அழைத்துவந்து பெஞ்சில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பூஜ்யம், லட்சம், ஒன்பது நாள், ஒன்றையும் விடவில்லை.

“திட்டுக்கா.”

“நீ சொல்லலைன்னாலும் நான் ஸ்கேனுக்குப் போயிருக்க மாட்டேன்னு சொன்னா, உனக்கு நிம்மதியா இருக்கும், இல்ல?”

வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

“போயிருப்பேன்டா,” என்றாள். “பயந்துக்கிட்டே, அழுதுக்கிட்டே போயிருப்பேன்.”